ஏழுகிணறு ரீடு பட்டறை: ஐந்து காந்தாரங்களும் ஒரு பிடிபடாத சுரமும்

ஹார்மோனியத்தில் காந்தாரம், அதாவது ஸ ரி க ம ப த நி வரிசையின் ‘க’, இரண்டே வகைதான் என்று இருப்பவர்கள் சென்னை ஏழுகிணற்றில் இருக்கிற இந்த ஹார்மோனியப் பட்டறையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டிய வேலையை எந்தக் கடையிலும் செய்து கொடுப்பார்கள். சாதாரண காந்தாரம் எனப்படும் சிறிய ‘க’வுக்கும் அந்தர காந்தாரம் எனப்படும் பெரிய ‘க’வுக்கும் இடையிலும், அவற்றுக்குக் கீழும் மேலும், காது தனியாகப் பிரித்தறியும் சுரங்கள் இருக்கின்றன என்று நம்புபவர்கள் கட்டாயம் போக வேண்டும். என் ஹார்மோனியத்தின் ஒரு முழு ரீடு வரிசையை, அதாவது ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகளின் வரிசையை, அங்கே கொடுத்து மாற்றி வாங்கியிருக்கிறேன். வேலை அருமை. சுரங்களை வகைபிரிப்பதில் ஓரிடத்தில் மட்டும் பட்டறைக்காரருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அதைத்தான் சற்று விரிவாக எழுதப்போகிறேன்.

மின்ட் தெருவை ஒட்டிய சந்துகளில் ஒன்றில் பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. ‘ஹார்மோனியம் ரிப்பேர்’ என்று கதவில் பெயின்டால் எழுதியிருக்கும். நடத்துபவரை அந்தப் பக்கத்தில் எல்லாரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிள்ளைகளுக்குத் தேவாரமும் அடிப்படை சங்கீதமும் சொல்லிக்கொடுக்கிறேன். என் பழைய மாணவன் ஒருவன் ராயபுரத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறான், கம்ப்யூட்டரில் நுண்சுர இசையும் அமைக்கிறான். திரையில் எண்ணாக மட்டும் பார்த்த சுரங்களைக் காற்றில் கேட்க வேண்டும் என்று அவன்தான் கேட்டான். என்னிடம் இருந்த ஹார்மோனியத்தில் ஒரே ஸ்தாயியில் (ஸ்தாயி என்பது கீழ் ஸவிலிருந்து மேல் ஸ வரையான அளவு) ஒலிக்கிற இரண்டு ரீடு வரிசைகள் உண்டு. முன்பக்கக் குமிழை இழுத்து எந்த வரிசைக்குக் காற்று போக வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். முதல் வரிசை வழக்கமான சுரங்களுக்கு, இரண்டாம் வரிசை வழக்கத்தில் இல்லாத சுரங்களுக்கு என்று முடிவு செய்தோம்.

இதற்கு முன் நகரின் வேறொரு பகுதியில் ஒரு கடையில் கொடுத்திருந்தோம். என்ன வேண்டும் என்று ஒரு முழுப் பக்கம் எழுதியும் கொடுத்தோம். பெட்டி திரும்பி வந்தபோது இரண்டு வரிசைகளும் அச்சு அசலாக ஒரே மாதிரி ஒலித்தன. ‘சுருதி விலகியிருந்தது, சரிசெய்துவிட்டோம்’ என்றார்கள். காந்தாரம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்று நினைப்பவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்க முடியாது.

பாயிடம் அந்தத் தாளை நீட்டியபோது அவர் எண்களைப் படிக்கவில்லை. “பாடிக் காட்டுங்கள் டீச்சர்” என்றார். ஒரு கட்டை சுருதியில் (மேற்கத்திய C) அடிப்படைச் சுரமான ஸட்ஜத்தைப் (ஸ) பிடித்துக்கொண்டு மாணவன் குறித்திருந்த காந்தாரங்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பாடினேன். ஐந்தையும் கேட்ட பிறகுதான் தாளை வாங்கிக்கொண்டார்.

அந்த ஐந்து எவை என்று சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பிரிப்பது அலெக்ஸாண்டர் எல்லிஸ் 1885இல் பரவலாக்கிய அளவை. சாதாரண கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட். அந்தக் கணக்கில் நாங்கள் கேட்ட காந்தாரங்கள் இப்படி அமையும்: ஸட்ஜத்தின் அதிர்வெண்ணோடு 7/6 என்ற விகிதத்தில் 267 சென்ட், இதைச் சப்மைனர் என்கிறார்கள். 6/5இல் 316, மைனர். 11/9இல் 347, நியூட்ரல். 5/4இல் 386, மேஜர். 9/7இல் 435, சூப்பர்மேஜர். மைனரும் மேஜரும் நம் சாதாரண, அந்தர காந்தாரங்களின் இடத்தில் நிற்பவை. மற்ற மூன்றும் பன்னிரண்டு கட்டைக்குள் அடங்காதவை.

இந்த ஐவகைப் பிரிவு யாரோ ஒருவர் மனம்போனபடி வகுத்ததல்ல. ஸ்தாயியை 31 சமபாகமாகப் பிரித்தால் ஒரு படி 38.7 சென்ட் வரும். அதில் ஏழாம் படி முதல் பதினொன்றாம் படி வரை வரிசையாக இந்த ஐந்து காந்தாரங்களும் ஆளுக்கொரு படியில் உட்கார்ந்துவிடும்: 271, 310, 348, 387, 426. நெதர்லாந்து இயற்பியலாளர் அட்ரியான் ஃபொக்கர் இந்த 31 சுரங்களுக்காகவே ஓர் ஆர்கன் கட்டச் செய்து, 1950இல் ஹார்லெம் நகரின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் நிறுவினார். நடுவில் இருக்கிற நியூட்ரலோ அதைவிட மிகப் பழையது. எட்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஊத் என்ற நரம்பு வாத்தியம் வாசித்த மன்சூர் ஸல்ஸலின் பெயராலேயே 27/22 என்ற காந்தாரம், அதாவது 355 சென்ட், இன்றும் அறியப்படுகிறது.

வேலைக்கு வருகிறேன். ரீடு என்பது பித்தளைத் தகட்டில் ஒரு முனை ரிவிட் அடித்து, மறுமுனை காற்றில் ஆடும்படி விட்ட மெல்லிய நாக்கு. ஆடும் முனையில் சுரண்டினால் அங்கே எடை குறைந்து சுருதி ஏறும். ரிவிட்டுக்கு அருகே சுரண்டினால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். பாய் நாக்குக்கு அடியில் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகித் தாங்கல் கொடுத்துவிட்டு, சிறிய உளியால் ஒரே திசையில் இழுக்கிறார். விழுவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பித்தளைத் தூள். அதை ஊதிவிட்டு, ரீடைப் பலகையில் மாட்டி, ஸட்ஜத்தோடு சேர்த்து ஒலிக்கவிட்டுக் கேட்கிறார். மறுபடி கழற்றுகிறார். ஒரு ரீடுக்கு இது எத்தனை முறை நடந்தாலும் அவர் முகத்தில் சலிப்பு தெரிவதில்லை.

அவர் கேட்பது விம்மலை, அதாவது ஏறக்குறைய ஒத்த இரண்டு ஒலிகள் சேரும்போது எழும் ஏற்ற இறக்கத்தை. ஒரு கட்டை ஸட்ஜத்தோடு கீபோர்டின் 400 சென்ட் காந்தாரத்தைச் சேர்த்து ஒலித்தால், ஸட்ஜத்தின் ஐந்தாம் மேற்சுரமும் (ஒரு சுரத்தோடு கூடவே ஒலிக்கும், அதன் அதிர்வெண்ணின் முழு மடங்குகள்தான் மேற்சுரங்கள்) காந்தாரத்தின் நான்காம் மேற்சுரமும் உரசி வினாடிக்குச் சுமார் பத்து விம்மல் எழும். 386க்கு இறக்கினால் விம்மல் அடங்கி ஒலி நிலைகொள்ளும். ஹார்மோனிய ரீடில் மேற்சுரங்கள் ஏராளமாக இருப்பதால் இந்த அடங்கல் தெளிவாகக் கேட்கும். 7/6, 9/7 இரண்டையும் அவர் இப்படிக் காதாலேயே பிடித்துவிட்டார். 11/9 மட்டும் அப்படிச் சிக்கவில்லை. ஸட்ஜத்தின் பதினொன்றாம் மேற்சுரமும் காந்தாரத்தின் ஒன்பதாம் மேற்சுரமும் சந்திக்க வேண்டிய இடம் அது. அவ்வளவு உயரத்தில் ஒலி மெலிந்துவிடுகிறது. கைபேசி ட்யூனரை வைத்து 347க்குக் கொண்டுவந்தார், பிறகு பஞ்சமத்தையும் (ப) சேர்த்துக் கேட்டார்.

பஞ்சமத்தைச் சேர்த்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வகைபிரிப்பைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. பஞ்சமம் 702 சென்ட். அதற்குள் ஒரு மைனரையும் ஒரு மேஜரையும் அடுக்கினால் சரியாக நிரம்பும்: 316, 386. சப்மைனரையும் சூப்பர்மேஜரையும் அடுக்கினாலும் நிரம்பும்: 267, 435. நியூட்ரலுக்கு ஜோடி இன்னொரு நியூட்ரல்தான். 347ஐ வைத்தால் மேலே மிஞ்சுவது 355, ஸல்ஸலின் அதே 27/22. இரண்டும் சமம் இல்லை, சுமார் ஏழு சென்ட் வேறுபாடு இருக்கிறது. ஆனாலும் காது இரண்டையும் ஒரே குடும்பமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒரு சுரத்தின் தன்மையை அது ஸட்ஜத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மேலே எதை விட்டுவைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சிலப்பதிகார உரைகள் நரம்புகளை (சுரங்களை) இணை, கிளை, நட்பு, பகை என்று உறவு வைத்துப் பிரித்ததும், ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும் நான்காவதை நட்பு என்றும் குறித்ததும் இந்த நோக்கில்தான் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

அதே சோதனையை மேல் ஸட்ஜத்தை வைத்தும் செய்யலாம். 1200இலிருந்து கழித்தால் மேஜர் மைனராகும், சூப்பர்மேஜர் சப்மைனராகும், நியூட்ரல் நியூட்ரலாகவே நிற்கும். பாய் ஒவ்வொரு கட்டைக்கும் மேலே சின்ன வட்டமாக நிற ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார். சப்மைனருக்கு நீலம், நியூட்ரலுக்குப் பச்சை, சூப்பர்மேஜருக்கு மஞ்சள். முதலில் பெட்டியைத் திறந்தபோது 853 சென்ட் தைவதத்துக்கு (த) மஞ்சள் ஒட்டியிருந்தது. 1200இலிருந்து 853 போனால் 347, அது பச்சை. பச்சையின் தலைகீழ் மஞ்சளாக இருக்க முடியாது. மேல் ஸட்ஜத்தோடு சேர்த்து வாசித்துக் காட்டினேன். பாய் ஒருமுறை கேட்டார், ஸ்டிக்கரை உரித்துப் பச்சை ஒட்டினார். “ஆமாம் டீச்சர், மேலேயிருந்து கேட்கவில்லை” என்றார். வாடிக்கையாளர் சொல்வதைக் காதால் சரிபார்த்து ஏற்றுக்கொள்கிற கைவினைஞர் கிடைப்பது அரிது.

இப்போது பிடிபடாத சுரத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் வரிசையில் மத்யமக் (ம) கட்டைக்கு 435 வேண்டும் என்பது மாணவனின் திட்டம், அந்தரக் கட்டையை 347 எடுத்துக்கொண்டுவிட்டதால். மத்யம ரீடை 65 சென்ட் இறக்கினால் நாக்கு அடியில் பலவீனமாகிவிடும் என்று பாய் அதைத் தொடவில்லை. காந்தார ரீடு ஒன்றை எடுத்து 35 சென்ட் ஏற்றி அந்த இடத்தில் பொருத்தினார். புத்திசாலித்தனமான வேலை. மேல் ஸ்தாயியில் மட்டும் அதே கட்டைக்கு மாணவன் 435க்குப் பதிலாக 450 கேட்டிருந்தான். ஸ்தாயியை 24 சமபாகமாக்கி எழுதிய ஒரு துண்டுக்கு அது தேவைப்பட்டது. 24 சமபாகம் நமக்கு அந்நியமும் அல்ல. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஸ்தாயியில் 22 சுருதிகள் (நுண்ணிடைகள்) என்ற கணக்கை மறுத்து, 1917இல் வெளியான கருணாமிர்த சாகரத்தில் 24ஐத்தான் நிலைநாட்ட முயன்றார். அரபு இசையிலும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து அந்தக் கணக்கு வழங்குகிறது.

450க்கு என்ன நிறம் ஒட்டுவது? பாய் கேட்ட கேள்வி அதுதான். அவர் தானே விடையும் சொன்னார்: “தகட்டில் காந்தார முத்திரைதான் குத்தியிருக்கிறது. நான் ஏற்றியது காந்தார ரீடை. அதனால் இதுவும் மஞ்சள்தான்.” நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரீடு எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பது பாடுபவர் காதுக்குத் தெரியாது. 450 என்பது மேஜர் காந்தாரத்திலிருந்து 64 சென்ட் மேலே, மத்யமத்திலிருந்து 48 சென்ட் கீழே. தனியாக ஸட்ஜத்தோடு ஒலித்தால் ஒரு நேரம் மிக அகன்ற காந்தாரமாகவும் இன்னொரு நேரம் அமுங்கிய மத்யமமாகவும் கேட்கிறது. இது காதின் குறையல்ல. உண்மையிலேயே அங்கே எல்லைக்கோடு இல்லை. 250, 750, 950 சென்ட் அருகிலும் இதே நிலைதான். 250 ரிஷபத்துக்கும் (ரி) காந்தாரத்துக்கும் இடையில் தொங்குகிறது, அதன் தலைகீழான 950 தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் (நி) இடையில். 450இன் தலைகீழ் 750. இந்த நான்கையும் மேஜர், மைனர் வரிசையில் இன்னும் ஒரு பட்டம் சேர்த்து அடைத்துவிட முடியாது. இங்கே தன்மை மட்டும் அல்ல, இது எத்தனையாவது சுரம் என்பதே கேள்வியாகிவிடுகிறது.

என் கட்சி இதுதான்: எந்தச் சுரம், எந்தத் தன்மை என்பவை இரண்டு தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு விடை கூட இருக்கிற சுரங்களிடம் இருக்கிறது. கர்நாடக இசை இதை எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறது. பன்னிரண்டு ஸ்தானங்களுக்குப் பதினாறு பெயர்கள் வைத்தார்கள். நாட்டை ராகத்தில் அந்தர காந்தாரம் தனியாக இருப்பதால் அதற்குக் கீழே வரும் சுரம் ஷட்சுருதி ரிஷபம். கரஹரப்ரியா ராகத்தில் கீழே சதுச்ருதி ரிஷபம் இருப்பதால் அதே ஸ்தானம் சாதாரண காந்தாரம். கட்டை ஒன்றுதான், பெயரைத் தீர்மானிப்பது பக்கத்து வீட்டுக்காரர்கள். அதுபோல 450ஓடு 498இல் உண்மையான மத்யமமும் பாடப்பட்டால் 450 காந்தாரம். 386இல் காந்தாரம் இருந்து 498 இல்லாவிட்டால் அது மத்யமம். இரண்டும் இல்லாமல் ஸட்ஜத்தோடு தனித்து நின்றால் பெயர் வைக்காமல் எண்ணோடு விட்டுவிடுவதுதான் நேர்மை.

பாய் இதைப் பொறுமையாகக் கேட்டார். “வாசிக்கிறவர் கட்டையைப் பார்த்துத்தானே வாசிப்பார் டீச்சர், பாட்டு முடியும்வரை பெயருக்காகக் காத்திருப்பாரா?” என்றார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடைசியில் மஞ்சளையும் வெள்ளையையும் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டிக் கொடுத்தார். மாணவனுக்கு அது போதுமாக இருக்கிறது. எனக்கு இன்னும் போதவில்லை. ஆனால் இந்த விவாதம் நடக்கக்கூடிய கடை இந்த ஊரில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

மற்ற கட்டைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 551இல் இருக்கிற 11/8 மத்யமம் அற்புதமாக ஒலிக்கிறது, பள்ளிப் பிள்ளைகள்கூட உடனே திரும்பிப் பாடிவிடுகிறார்கள். 969இல் இருக்கிற 7/4 நிஷாதம் ஸட்ஜத்தோடு சேரும்போது துளியும் விம்மாமல் நிற்கிறது. 151 ரிஷபமும் 1049 நிஷாதமும் நியூட்ரல் குடும்பம், பச்சை ஸ்டிக்கர், சிக்கல் இல்லை.

ஹார்மோனியத்தில் சுருதி நுணுக்கமா என்று சங்கீத நண்பர்கள் கேட்கிறார்கள். வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கி 1971 வரை வெளியே நிறுத்தியதை நினைவூட்டுகிறார்கள். கமகம் (சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுவது) வராது என்பது முழு உண்மை. தோடி ராகத்தின் காந்தாரத்தை எந்த ரீடாலும் தர முடியாது. சஹானாவின் காந்தாரம் சற்று இறங்கி நிற்பதும் வராளியின் மத்யமம் பஞ்சமத்தை நோக்கி ஏறி நிற்பதும் பாடிப் பாடி வருகிற பிடிகள், அவற்றை ஒரு சென்ட் எண்ணில் அடைக்க நான் கேட்கவில்லை. எனக்கு இந்தப் பெட்டி காதுப் பயிற்சிக்கு. வராளி மத்யமம் ஏன் வேறு என்று ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதற்கு முன், இரண்டு கட்டைகளுக்கு நடுவே இடம் இருக்கிறது, அங்கேயும் ஒரு சுரம் நிலையாக நிற்கும் என்று கேட்கவைக்க வேண்டும். குமிழை இழுத்து முதல் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு மாற்றி, ஒரே கட்டையை இரண்டு முறை அழுத்திக் காட்டினால் போதும். மும்பைப் பக்கம் வித்யாதர் ஓக் உருவாக்கிய 22 சுருதி ஹார்மோனியத்தில் கட்டைக்குக் கட்டை குமிழ் உண்டு, எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கும். ஆனால் அதில் 347 கிடைக்காது. 22 சுருதிக் கணக்கில் நியூட்ரல் காந்தாரத்துக்கு இடமில்லை.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியாது, முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஃபோனை எடுக்க மாட்டார். துருத்தியின் மடிப்பில் ஒரு சின்னக் கசிவு இருந்தது. அதை ஒட்டித் தரச் சொல்லியும் விட்டுவிட்டார், இரண்டாவது முறை கொண்டுபோய்த்தான் சரியானது. இந்த மாதிரிச் சுரங்களுக்கு அது சிறிய விஷயம் அல்ல. காற்றழுத்தம் ஏறி இறங்கினால் ரீடின் சுருதியும் சில சென்ட் நகரும். மேஜருக்கும் மைனருக்கும் நடுவே அந்த நகர்வு தெரியாது, 347க்கும் 355க்கும் நடுவே அதுவே எல்லாம். கேட்காமலேயே பெட்டிக்கு வார்னிஷ் அடித்துக் கொடுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய தேக்கின் நிறம் போய்விட்டது.

இரண்டாம் வரிசை முழுவதற்கும், மாற்றிய ரீடுகளையும் சேர்த்து, 4,600 ரூபாய் வாங்கினார். ஒவ்வொரு ரீடையும் அவர் எத்தனை முறை கழற்றி மாட்டினார் என்று பார்த்தவள் என்பதால் பேரம் பேசவில்லை. முதல் வரிசையைச் சரிபார்த்ததற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: சென்ட் எண்கள் மட்டும் போதாது, விகிதத்தையும் எழுதிக்கொண்டு போங்கள், எந்தச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பாடத் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. கழற்றிய பழைய ரீடுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவற்றில் ஜெர்மன் ரீடுகள் இருந்தால் இனிக் கிடைக்காது. வெள்ளிக்கிழமை மதியத்தில் பட்டறை மூடியிருக்கும். காலையில் போனால் தெருச் சத்தம் குறைவு, விம்மலை நீங்களும் உட்கார்ந்து கேட்கலாம்.